முதல் வரைவுக்குப் பிறகு என்ன பயிற்சி கொடுப்பது?

வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் முதுகலை வரலாறு மாணவர்களுக்கு ஆய்வுக் கட்டுரை எழுதும் வகுப்பு எடுக்கிறேன். இந்தப் பருவத்துத் தலைப்பு 1876–78 சென்னை மாகாணப் பஞ்சம். முதல் வரைவு வந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் இறுதி வரைவை வாங்கி மதிப்பெண் போட வேண்டும்.

படித்ததையெல்லாம் வரிசையாக அடுக்குகிறார்கள், எடைபோடுவதில்லை. இதுதான் சிக்கல். 1877-இல், பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்தவர்களின் கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசுமாகக் குறைத்தார். உழைக்கிற உடம்புக்கு அது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். நன்றாகப் படிக்கிற ஒரு மாணவியின் வரைவில் இரண்டும் அடுத்தடுத்த பத்தியில் இருக்கின்றன. நடுவில் 'மேலும்' என்று ஒரு சொல், அவ்வளவுதான். கார்னிஷ் எதை வைத்து மறுத்தார், யார் பக்கம் சான்று வலுவாக இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை.

வாதம், சான்று என்று மதிப்பெண்ணைப் பிரித்து அட்டவணை கொடுத்துப் பார்த்தேன். மாதிரிக் கட்டுரை வாசித்துக் காட்டினேன். நடையை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் கட்டுரையை இன்னொருவரிடம் திருத்தக் கொடுத்தால், மனசு நோகுமே என்று எழுத்துப்பிழையோடு நிறுத்திவிடுகிறார்கள். பெயரை மறைத்தாலும் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடுகிறது. நானே ஓரத்தில் குறிப்பு எழுதினால் அந்த வரி மட்டும் மாறி வருகிறது.

முரண்படும் இரண்டு சான்றுகளை எடைபோட்டுத் தன் முடிவை எழுத வைக்க, ஒரு மணி நேர வகுப்பில் செய்யக்கூடிய, உங்களுக்குப் பலன் தந்த பயிற்சி எது?