வாய்க்காத்தோட்டத்துக் குடும்பம்

பிரபு (மாலை 6:42): ஏனுங் சித்தப்பா, நம்ம மாருதி மறுக்காவும் நின்னுபோச்சுங். செல்ஃப் போட்டா ‘டக்’குங்குது, அவ்வளவுதான். ஞாயித்துக்கெழமை சிவன்மலைக்குச் சீரு கொண்டுபோறது இதுலதானுங்

பிரபு: பேட்டரி புதுசு. போன மாசம் செல்ஃப் மோட்டாரும் மாத்தியாச்சு

செல்வி: வேன் சொல்லிக்கலாம்ணா. நீ வந்தாப் போதும், பையனுக்கு மாமன் மடிதான் வேணும்

ராசாத்தி அத்தை: எலி கடிச்சிருக்கும். எங்கூட்டு டிராக்டருக்கு அப்படித்தா ஆச்சு

தங்கவேல் சித்தப்பா: பேட்டரி எத்தன வோல்ட்டு காட்டுது?

பிரபு: 12.6ங்

தங்கவேல் சித்தப்பா: அப்ப பேட்டரி நெறைஞ்சுதான் இருக்குது. வேற என்னென்ன பண்ணுது? சின்ன விசயம்னு எதையும் விட்றாத

பிரபு: லைட்டே போடாம பிரேக்க மிதிச்சா டேஷ்போர்டுல வெளிச்சம் வருதுங்

கோமதி: எடதுபக்கம் இண்டிகேட்டர் போட்டா பின்னாடி செவப்பு லைட்டும் சேந்து மினுங்குதுங் மாமா

கோமதி: நேத்து நாலஞ்சு தடவ செல்ஃப் போட்டதும் ஒரே கருகல் வாசம். பானெட்டத் தொறந்தா ஆக்சிலேட்டர் கேபிள் கைவெக்க முடியாத சூடு

பிரபு: அது எஞ்சின் சூடு

கோமதி: எஞ்சின்தான் ஓடவே இல்லியே

தங்கவேல் சித்தப்பா: கோமதி சொன்னதுதான் கோளாறே. பிரபு, இனி செல்ஃப் போடாத

சரசு அம்மா: ஒப்புட்டு எரநூறு போதுமா செல்வி

செல்வி: முந்நூறாப் போடும்மா, காங்கேயத்து ஒறம்பர நெம்பப் பேரு. அத்தை, சிவன்மலைக் கோயில்ல சாமி கனவுல சொன்ன பொருள வெக்கற உத்தரவுப் பெட்டியில இப்ப என்ன வெச்சிருக்குது?

ராசாத்தி அத்தை: போயித்தா பாக்கோணும் கண்ணு

தங்கவேல் சித்தப்பா: எல்லாரும் படிங்க. எஞ்சின் ரப்பர் மவுண்டு மேல உக்காந்திருக்குது. பேட்டரி மைனசுக்கும் எஞ்சினுக்கும் நல்ல எர்த்து, அதாவது கரண்டு திரும்பிப் போற வழி, இருந்தாத்தான் செல்ஃப் சுத்தும். அது இழுக்கறது கொஞ்சநஞ்ச கரண்டு இல்ல, நூறு ஆம்பியருக்கு மேல. எர்த்து கெட்டா கரண்டு சும்மா நிக்காது. எஞ்சினையும் பாடியையும் தொட்டுட்டிருக்கற ஆக்சிலேட்டர் கேபிள், கிளச்சு கேபிள் வழியாப் போகும். கெணத்து மோட்டாரு கரண்ட சீரியல் பல்பு ஒயர்ல உட்டாப்பல. உள்ளிருக்கற உறை உருகுச்சுன்னா, ஆக்சிலேட்டர் மிதிச்ச எடத்துலயே நின்னுக்கும். ஓடறப்ப அப்படி ஆனா என்னாகும்னு நெனச்சுப் பாரு

கார்த்தி: ஜம்பர் கேபிள் போட்டுப் பாருங்ண்ணா. மைனஸ்ல இருந்து நேரா எஞ்சினுக்கு

தங்கவேல் சித்தப்பா: அதுக்கு முன்னால மீட்டர். 20 வோல்ட் டிசி. செவப்பு எஞ்சின்ல, கருப்பு பேட்டரி மைனஸ்ல. நூட்ரல்ல வெச்சு ரெண்டே நொடி செல்ஃப். அரை வோல்ட்டுக்குள்ள இருந்தா எர்த்து நல்லாருக்குதுன்னு அர்த்தம்

பிரபு (7:31): 4.8 காட்டுதுங்!!

பிரபு: ஜம்பர் போட்டதும் ஒரே சுத்துல புடிச்சிருச்சு

செல்வி: 🙏🙏

ராசாத்தி அத்தை: அண்ணன் இருந்தா வண்டிய இப்படி உட்ருப்பாரா

சரசு அம்மா: ஆரும் பாக்காம உடல ராசாத்தி. பங்கு பிரிச்சப்ப வண்டி வேண்டாம்னவங்க இப்ப வந்து கேக்கறதுதான்

தங்கவேல் சித்தப்பா: அண்ணி, நான் வேண்டாங்கல. 96ல அண்ணன் எடுத்த வண்டி பிரபுகிட்டத்தான் இருக்கோணும்னேன். இன்னிக்கும் அதேதான்

ராசாத்தி அத்தை: நான் உங்களச் சொல்லலைங் நங்கையா

கோமதி: 📷 எர்த்துப் பட்ட. பச்ச பூத்திருக்குது. பெயிண்ட்டு மேலயே போல்ட்டு முறுக்கியிருக்காங்க

கார்த்தி: டிங்கரிங் பண்ணுனவங்க வேல! செல்ஃப் மாத்துன காசத் திருப்பிக் கேளுங்ண்ணா

தங்கவேல் சித்தப்பா: காசப் பொறவு பாக்கலாம். மொதல்ல பேட்டரி மைனஸக் கழட்டு, கடைசியா மாட்டு. கையில மோதரம் வேண்டாம். பெயிண்ட்ட உப்புத்தாள்ல தேச்சு இரும்பு பளபளன்னு தெரியோணும். பட்ட புதுசு போடு. முறுக்குனப்பொறவு மேல வேஸ்லின் பூசு

பிரபு: பின்னாடி லைட்டும் இதனாலதானுங்களா?

தங்கவேல் சித்தப்பா: இல்ல, அது வேற எர்த்து. பல்புக்குள்ள ரெண்டு இழை. பிரேக்குக்கு 21 வாட், பார்க்கிங்குக்கு 5 வாட். ரெண்டுக்கும் ஒரே எர்த்து. அது விட்டுப்போனா பிரேக்கு கரண்டு 5 வாட் இழை வழியாத் திரும்பி ஏறி டேஷ்போர்டு வரைக்கும் போகும். எடதுபக்க லைட்டக் கழட்டி, எர்த்து ஒயர் பாடியில சேர்ற எடத்தப் பாரு

கோமதி: டிக்கியில தண்ணி எறங்குமுங் மாமா, அங்கயே துருவா இருக்கும்

தங்கவேல் சித்தப்பா: அங்கதான் சாமி

செல்வி: வேனுக்கு அட்வான்ஸ் குடுக்கட்டுமா வேண்டாமா? நாளைக்குள்ள சொல்லோணுமாம்

பிரபு: சனிக்கெழம மத்தியானம் சொல்றேன்

செல்வி: அண்ணா, நாளைக்குள்ள

தங்கவேல் சித்தப்பா: ஆக்சிலேட்டர் கேபிள் புதுசு போடாம சீரு ஏத்தக் கூடாது. சொல்லிப்போட்டேன்

சரசு அம்மா: ஒப்புட்டும் தட்டும் வேன்ல வரட்டும். நான் அவரு வண்டியிலதான் வருவேன்

பிரபு (8:16): கேபிள் கோபியில இல்லைங். ஈரோட்டுல கேக்கச் சொல்லியிருக்கறேன்