தட்டுப்பாட்டுக் காலத்தில் மனநலக் கிளினிக்: 2022 அனுபவங்களைப் பகிருங்கள்

நெய்தல்:

இலங்கையில் 2022 பொருளாதார நெருக்கடி பற்றி எழுதாதவர் இல்லை. எரிவாயு வரிசை, பெற்றோல் வரிசை, பால்மா வரிசை எல்லாம் எழுதித் தீர்த்துவிட்டோம். மனநலக் கிளினிக் வரிசையைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாய் திறந்தால் வீட்டில் யாருக்கு வருத்தம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே. இங்கே உங்கள் பெயரும் வேண்டாம், வைத்தியசாலையின் பெயரும் வேண்டாம். இளவயதுப் பிள்ளைகளுக்கு மனநல மருந்து எடுத்தவர்கள், அரசு செய்ததில் எது உங்கள் கைக்கு வந்து சேர்ந்தது, எது வரவில்லை என்று எழுதினால் போதும். நான் தொடங்குகிறேன்.

அப்போது என் மகனுக்குப் பத்தொன்பது வயது. குளோசபின் என்ற மனநல மருந்து எடுப்பவன். மற்ற மருந்துகளுக்கு நோய் மசியாதபோதுதான் இதைக் கொடுப்பார்கள். வெள்ளை அணுக்கள் குறைந்துவிடலாம் என்பதால் அப்போது முதல் 18 வாரமும் வாராவாரம் இரத்தம் சோதிக்க வேண்டியிருந்தது; பிறகு ஒரு வருடம் முடியும் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதன் பின் மாதம் ஒருமுறை. இவ்வளவு கெடுபிடியான மருந்துக்கு இன்னொரு குணமும் உண்டு. 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவை அப்படியே கொடுக்க முடியாது. 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி படிப்படியாக ஏற்ற வேண்டும். அதாவது மூன்று நாள் மருந்து இல்லையென்றால், எங்களுக்குப் போவது மூன்று நாள் அல்ல, பல கிழமைகள்.

ஒரு மாதத்தை 1/12 என்றும் ஒரு கிழமையை 1/52 என்றும் கிளினிக் கொப்பியில் எழுதுவார்கள். வழக்கமாக 1/12 இருக்கும் இடத்தில் அந்த ஏப்ரலில் 1/52 இருந்தது. காரணம் கேட்க நேரமில்லை, எனக்குப் பின்னால் வரிசை. ஓடாத பஸ்ஸில் கிழமைக்கு ஒருமுறை எப்படி வருவது என்பதும் அந்த எண்ணுக்குள் அடக்கம். பிறகு 100 மில்லிகிராம் மாத்திரை முடிந்து 25 மில்லிகிராம் மட்டும் வந்தது. 300 மில்லிகிராமுக்கு இரவில் பன்னிரண்டு மாத்திரை. மெழுகுதிரி வெளிச்சத்தில் நான் எண்ணிவைக்க, "அம்மா, இது சாப்பாடா மருந்தா?" என்று கேட்டான். அவன் பகிடி விட்டதே எனக்குப் பெரிய ஆறுதல், நோய் திரும்பவில்லை என்று அர்த்தம். ஆய்வுகூடத்தில் இரத்தம் சோதிக்கத் தேவையான பொருட்களும் தட்டுப்பாடு. அதை வெளியில் காசு கொடுத்துத்தான் செய்தோம்.

அந்த மாதங்களில் எனக்கு உண்மையில் உதவியவர் கிளினிக்கில் இருந்த சமூக மனநலத் தாதி. என் தொலைபேசி இலக்கத்தைக் கொப்பியின் பின்னட்டையிலிருந்து குறித்துக்கொண்டு, மருந்து வந்த அன்று அழைத்தார். வராத அன்றும் அழைத்து "இன்று வரவேண்டாம், அம்மா" என்றார். இதற்கு டொலர் தேவைப்படவில்லை.

மூன்றாம் வருடம்:

நான் அப்போது பல்கலைக்கழகத்தில். மனச்சோர்வுக்கான வென்லாஃபாக்சின் எடுத்தேன். எரிபொருள் இல்லாமல் விடுதியை விட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் கிளினிக் இருந்ததோ வேறு மாவட்டத்தில். ஊர் வைத்தியசாலையில் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்களிடம் வருவதே இல்லை, வெளியில் வாங்குங்கள் தங்கச்சி" என்றார்கள். வெளியிலும் இல்லை. இருந்ததை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தேன். தலையைத் திருப்பினால் உள்ளே மின்சாரம் பட்டதுபோல ஒரு வெட்டு, வாந்தி, காரணமில்லாத அழுகை. நோய்தான் திரும்பிவிட்டது என்று பயந்து ஒரு இரவு 1926க்கு அழைத்தேன். தேசிய மனநல நிறுவகத்தின் 24 மணி நேர இலக்கம் அது. தமிழிலேயே பேசினார்கள். அவசரப்படாமல் கேட்டார்கள். இது மருந்தைத் திடீரென்று குறைத்ததால் வருவதாக இருக்கும், கிட்ட உள்ள மனநலப் பிரிவுக்கு நாளைக்கே போங்கள், மாற்று மருந்துக்கு ஒழுங்காக மாற்றிவிடுவார்கள் என்றார்கள். தற்கொலை எண்ணம் வருகிறதா என்றும் நேரடியாகவே கேட்டார்கள். அப்படி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

எங்கே மருந்து கிடைக்கும் என்று கேட்டேன். அந்தப் பட்டியல் அவர்களிடம் இல்லை. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அப்படி ஒரு பட்டியலை நாட்டில் யார் வைத்திருந்தார்?

மனநலப் பிரிவில் ஃப்ளுவொக்ஸெட்டினுக்கு மாற்றினார்கள். அது உடலில் நீண்ட நாள் தங்கும், இடையில் ஒரு நாள் தவறினாலும் இவ்வளவு ஆட்டாது என்று வைத்தியர் விளக்கினார். தட்டுப்பாட்டுக்கு ஏற்ற மருந்து என்று ஒன்று இருப்பது அன்றுதான் தெரிந்தது. பல்கலைக்கழக உளவளத்துணை பற்றியும் கேட்பீர்கள். இணையவழி என்றார்கள். எங்கள் பக்கம் மின்வெட்டு. அவ்வளவுதான் அந்தக் கதை.

பனங்கூடல்:

ஏப்ரல் கடைசியில் 60 வகை மருந்துகளின் விலையை 40 சதவீதம் கூட்டினார்கள். விலை கூடினால் இறக்குமதியாளர் கொண்டுவருவார், தட்டுப்பாடு தீரும் என்றார்கள். எங்கள் சந்திப் பார்மசிக்கு விலை உடனே வந்துவிட்டது. மருந்து வர நாளெடுத்தது.

கிழக்கு மருந்தாளர்:

அரச வைத்தியசாலை ஒன்றின் மருந்தகத்தில் இருந்தேன். கண்ணாடிக்கு உள்ளே இருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

நாட்டின் மருந்துத் தேவையில் 80 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. அரச வைத்தியசாலைகளுக்கு மருத்துவ வழங்கல் பிரிவு தேவையைக் கணக்கிடும், அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் வாங்கித் தரும். வாங்க வேண்டுமானால் வங்கி எல்.சி. (விற்பவருக்குப் பணம் வரும் என்று வங்கி தரும் உறுதிக் கடிதம்) திறக்க வேண்டும், அதற்கு டொலர் வேண்டும். ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனையே கட்டமாட்டோம் என்று அறிவித்த நாட்டுக்கு யார் கடனுக்கு மருந்து தருவார்? பரசிட்டமோல் போன்றவற்றுக்கு நாலு பேர் போட்டி போடுவார்கள். மனநல மருந்துகளில் சிலவற்றுக்குப் பதிவுசெய்த வழங்குநரே ஓரிருவர்தான். தேவைப்படும் அளவும் கொஞ்சம். அவர் கைவிரித்தால் கதை முடிந்தது.

அரசு சும்மா இருக்கவில்லை. இந்தியாவின் 100 கோடி டொலர் கடன் வசதியில் மருந்தும் சேர்ந்திருந்தது. தமிழ்நாடு அரிசி, பால்மாவுடன் 137 வகை மருந்துகளையும் அறிவித்தது. வெளிநாட்டில் இருப்பவர்களிடமும் கேட்டார்கள். நன்கொடைப் பெட்டிகளைப் பிரித்தவன் என்ற முறையில் ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்கிறேன். கேட்டது ஒன்று, வந்தது இன்னொன்று. சிலது காலாவதிக்கு மிகக் கிட்ட. ஆனாலும் வந்ததை வைத்துத்தான் சமாளித்தோம்.

உண்மையில் மருந்தை நகர்த்தியது மருந்தாளர்களின் வாட்ஸ்அப் குழு. "என்னிடம் ஹலோபெரிடோல் மேலதிகம், உன்னிடம் லிதியம் இருக்கிறதா?" என்று கேட்டு அம்புலன்ஸ் போகும்போது கொடுத்தனுப்புவோம். பிறகு கடுதாசி எழுதி ஒழுங்கு செய்வோம்.

நெய்தல் அக்கா, 1/52 பற்றி ஒரு வார்த்தை. உங்களுக்கு அது கொடுமை, மறுக்கவில்லை. ஆனால் காலையில் வந்தவர்களுக்கு மாதக்கணக்கில் கொடுத்திருந்தால் மத்தியானம் வந்த பிள்ளைகள் வெறுங்கையோடு போயிருக்கும். பங்கீடு சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஏன் என்று உங்களுக்குச் சொல்லாமல் செய்ததுதான் கோளாறு. எது எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று சுவரில் ஒட்டினால் ஆட்கள் வாங்கிப் பதுக்குவார்கள் என்று மேலே பயந்தார்கள். ஊடகத்துக்குப் பேசினால் அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவை நடவடிக்கைக்கு இருக்கிறது. ஒன்றும் தெரியாத நோயாளிதான் அதிகம் பதுக்குகிறார் என்பது என் அனுபவம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை:

நான் பாடசாலையில் உளவளத்துணைக்கும் பொறுப்பாக இருந்தேன். உயர்தரத்தில் ஒரு பிள்ளை, இருதுருவ நோய்க்கு லிதியம் எடுத்தவள். மருந்து கிடைக்காமல் போகும்போலிருந்தது. வல்புரோவேட்டுக்கு மாற்றுவோமா என்று தகப்பனே வைத்தியரைக் கேட்டார், பக்கத்து வீட்டில் யாருக்கோ அது கொடுத்தார்களாம். இளம் பெண்ணுக்கு அதைக் கொடுக்கத் தயங்குவோம், பின்னாளில் கருத்தரித்தால் குழந்தையைப் பாதிக்கும் என்று வைத்தியர் பொறுமையாகச் சொன்னார். ஒரு மருந்து இல்லையென்றால் இன்னொன்று என்று மேலே இருந்து பார்க்கிறவர்கள் சொல்வது சுலபம். வயது, பால், இரத்தச் சோதனை என்று ஆளுக்கு ஆள் கணக்கு மாறும்.

அதைவிட எனக்கு உறுத்துவது, எரிபொருள் இல்லை என்று பாடசாலைகளை மூடியது. பிள்ளை தூங்கவில்லை, சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை, திடீரென்று கலகலவென்று பேசுகிறாள் என்பதை வகுப்பில்தான் முதலில் காண்போம். பாடசாலை மூடினால் அந்தக் கண் மூடிவிடும். அந்த நேரத்தில் மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது, மன அழுத்தத்தில் உள்ள மாணவர் எத்தனை பேர் என்று நிரப்பி அனுப்ப. நிரப்பி அனுப்பினோம். படிவத்தைப் பார்த்து ஒருவரும் வரவில்லை. பிரதேச செயலகத்து உளவளத்துணை உத்தியோகத்தர் மட்டும் படிவம் எதுவும் கேட்காமல் சைக்கிளில் வீடு வீடாகப் போனார். சிறுவர்களுக்கான 1929 இலக்கத்தைக் கடுதாசித் துண்டுகளில் எழுதிக் கொடுத்தார். அந்தப் பெண்ணின் வீட்டுக்கும் போனார். லிதியம் இரண்டு கிழமைக்கு இன்னொரு வைத்தியசாலையில் கிடைத்தது, தாயும் மகளும் மீன் லொறியில் ஏறிப் போய் எடுத்துவந்தார்கள்.

லண்டன் மாமா:

இங்கே பணக்கார நாட்டிலும் இது நடந்தது, பிள்ளைகளே. என் பேரனுக்குக் கவனக்குறைபாட்டுக்காக மெத்தில்ஃபெனிடேட். 2023 செப்டெம்பர் 27ஆம் திகதி சுகாதாரத் திணைக்களம் வைத்தியர்களுக்கும் பார்மசிகளுக்கும் எச்சரிக்கை அனுப்பியது. எந்த மருந்து தட்டுப்பாடு, எப்போது சரியாகும் என்று எதிர்பார்க்கிறார்கள், புதிதாக யாருக்கும் தொடங்க வேண்டாம் என்பதெல்லாம் அதில் இருந்தது. டிசம்பருக்குள் சரியாகும் என்றார்கள், அடுத்த வருடமும் இழுத்தது. மகள் பார்மசி பார்மசியாக அலைந்தாள், பேரன் பரீட்சைக்கு மருந்தில்லாமல் போனான். ஆகவே இங்கே சொர்க்கம் என்று நினைக்கவேண்டாம். ஆனாலும் கடைக்காரர் அந்த எச்சரிக்கையைக் காட்டிப் பேசினார். நாங்களும் விடுமுறை நாளில் மாத்திரையை நிறுத்தலாமா என்று வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டுவைத்தோம்.

அப்போது ஊருக்கு மாத்திரை அனுப்பட்டுமா என்று எத்தனையோ பேர் என்னைக் கேட்டார்கள். அனுப்பலாமா, மருந்தாளர் தம்பி?

கிழக்கு மருந்தாளர்:

தயவுசெய்து பயணப்பையில் அனுப்பாதீர்கள், மாமா. லிதியத்தில் உப்பு வகையும் தயாரிப்பும் மாறினாலே இரத்த அளவு மாறும். கட்டுப்படுத்தப்பட்ட மருந்தாக இருந்தால் கொண்டுவருபவர் விமான நிலையத்தில் மாட்டுவார். வைத்தியசாலை கேட்ட பட்டியலுக்கு, வைத்தியசாலை வழியாகவே அனுப்புங்கள்.

நெய்தல்:

தம்பி, பங்கீடு பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். அன்றே ஒருவர் சொல்லியிருந்தால் அன்றே ஏற்றிருப்பேன்.

எனக்குப் பிறகு வந்த பயம் வேறு. அவசரம் என்று பதிவு இல்லாமலே மருந்து கொண்டுவர விலக்களித்தார்கள். தரமற்ற இம்யூனோகுளோபியூலின் ஊசிமருந்து விவகாரம் வெடித்து, சுகாதார அமைச்சராக இருந்தவரே 2024 பெப்ரவரியில் கைதானார். அதன் பிறகு மாத்திரையின் நிறம் மாறினாலே மகன் கையில் வாங்க மறுக்கிறான். சந்தேகம் அவன் நோயின் பாகம் என்று முன்பு சொல்லிச் சமாளிப்பேன். இப்போது பத்திரிகையை எடுத்து எனக்கே காட்டுகிறான். என்ன பதில் சொல்ல?

கிழக்கு மருந்தாளர்:

மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள் அக்கா. தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, உற்பத்தியாளர் பெயர் மூன்றையும் அவனுக்கே வாசித்துக் காட்ட வேண்டியது எங்கள் வேலை. இனி மருந்து இல்லை என்றால் மூன்று விஷயம் கேளுங்கள்: இல்லை என்பதைக் கொப்பியில் திகதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள், கம்பனிப் பெயர் அல்லாமல் மருந்தின் பொதுப் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள், அரச மருந்துக் கடையான ஒசுசலவிலும் இல்லையென்றால் எந்த வைத்தியசாலைக்குப் போவது என்று கேளுங்கள்.

மூன்றாம் வருடம்:

கேட்டேன், அண்ணா. போன மாதம் திகதி போட்டு எழுதச் சொன்னதற்கு, நீதிமன்றம் போகப் போகிறீர்களா என்று சிரித்தார்கள்.

கிழக்கு மருந்தாளர்:

சிரிக்கட்டும். எழுதினார்களா?

மூன்றாம் வருடம்:

எழுதினார்கள். திகதியும் போட்டார்கள்.