சிமெனோன் இவ்வளவு வேகமாக எழுதியது எப்படி?

கேள்வி: பெல்ஜிய எழுத்தாளர் ஜார்ஜ் சிமெனோன், மெக்ரே என்ற போலீஸ் அதிகாரி வரும் துப்பறியும் நாவல்கள் மட்டுமே 75 எழுதியிருக்கிறார். அவருடைய வேலைமுறை என்ன?

பதில் 1: முதலில் ஒரு காகித உறையின் மேல் பாத்திரங்களின் பெயர், வயது, குடும்ப விவரம் எழுதிக்கொள்வார். பெயர்கள் டெலிபோன் டைரக்டரியிலிருந்து. கதைச் சுருக்கம் கிடையாது. முடிவு அவருக்கே தெரியாது. பிறகு தினம் ஒரு அத்தியாயம், இடைவெளியே இல்லாமல்.

பதில் 2: அந்த இடைவெளிதான் ஆபத்து. உடம்பு சரியில்லாமல் 48 மணி நேரம் நின்றுபோனால் எழுதிய அத்தியாயங்களைத் தூக்கிப் போட்டுவிடுவார், மறுபடி தொடமாட்டார். பாத்திரமாகவே மாறி எழுதுபவர். ஐந்தாறு நாளிலேயே அது தாங்க முடியாததாகிவிடும். நாவல்கள் சின்னதாக இருப்பதும் அதனால்தான்.

பதில் 3: திருத்தத்தை மறக்காதீர்கள். மூன்று நாள் அதற்கே. அழகுக்காக வந்த பெயரடை, வினையடை எல்லாம் போகும். 'லு மத்தேன்' என்ற பாரிஸ் பத்திரிகையில் இலக்கிய ஆசிரியராக இருந்த பிரெஞ்சு எழுத்தாளர் கொலெத், இவர் கதைகளை இலக்கியத்தனம் அதிகம் என்று திருப்பியனுப்பியதில் படிந்த பழக்கம். வேகத்தைவிட இந்த வெட்டைத்தான் படிக்க வேண்டும்.