த்ரூபுட்: ‘சேர்வீதம்’ என்று வைக்கலாமா?

வணக்கம்.

பர்ஃப்சோனார் (வலையமைப்பின் வேகத்தையும் இழப்பையும் அளக்கும் மென்பொருள்) அளவீட்டுக் குறிப்புகளைத் தமிழில் எழுதும்போது ‘த்ரூபுட்’ (throughput, ஒரு வினாடியில் மறுமுனைக்குச் சேரும் தரவு) வரும் இடத்தில் ஒருவர் ‘பட்டையகலம்’ என்கிறார், இன்னொருவர் ‘செயல்திறன்’ என்கிறார், ‘அலைவரிசை’யும் கண்ணில் படுகிறது. மூன்றுமே இணைப்பின் குணத்தைச் சொல்லும் சொற்கள். த்ரூபுட்டோ இணைப்பின் குணம் அல்ல. அதன் வழியே ஓடும் ஒரு குறிப்பிட்ட ஓட்டத்தின் விளைவு.

தரவை விடுபடாமல் சேர்க்கும் டிசிபி நெறிமுறையின் ரீனோ வகை நெரிசல் கட்டுப்பாட்டை (பொதி இழந்தால் வேகத்தைக் குறைக்கும் முறை) எடுத்துக்கொள்வோம். ஒரு பொதியில் ஏறும் தரவுத் துண்டின் அளவைப் போய்வரும் நேரத்தால் வகுத்து, அதை இழப்பு விகிதத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் தோராயமான உச்சம் கிடைக்கும். துண்டு 1,460 பைட், பத்தாயிரம் பொதிக்கு ஒன்று இழப்பு. போய்வரும் நேரம் 1 மில்லிவினாடி என்றால் வினாடிக்கு ஏறத்தாழ 1.2 ஜிகாபிட். அதே இழப்போடு 100 மில்லிவினாடி என்றால் 12 மெகாபிட். கம்பி மாறவில்லை, அகலம் மாறவில்லை, எண் நூறில் ஒரு பங்காகிவிட்டது.

பல நாட்டு ஆய்வு வலையமைப்புகளைக் கோத்துச் செல்லும் பாதையில் இதுதான் பெரிய தலைவலி. வளாகம், தேசிய வலையமைப்பு, ஐரோப்பாவின் ஜியான்ட், அமெரிக்காவின் இன்டர்நெட்2, மறுமுனை வளாகம் என ஐந்து நிர்வாகங்கள். ஒவ்வொருவரும் தம் பகுதியை மட்டும் அளந்து ‘எங்களிடம் கோளாறு இல்லை’ என்பார்கள். அந்தக் குறுகிய தூரத்தில் இழப்பிலிருந்து டிசிபி சட்டென்று மீண்டுவிடுவதால் எண்ணும் நன்றாகவே இருக்கும். முனைக்கு முனை ஓட்டினால் படுத்துவிடும். இதை ‘பட்டையகலம் குறைந்தது’ என்று எழுதினால் படிப்பவர் கூடுதல் பட்டையகலம் கேட்டு மனுப்போடுவார், பழுதைத் தேடமாட்டார்.

ஆகவே ‘சேர்வீதம்’. சேர்ந்த, சேர்கின்ற, சேரும் வீதம், வினைத்தொகை. மறுமுனையில் சேர்ந்ததுதான் கணக்கு என்பது சொல்லிலேயே இருக்கிறது.

*

> ஆகவே ‘சேர்வீதம்’.

காரணம் முழுக்கச் சரி. சொல்தான் இடிக்கிறது. இலங்கையில் ‘வீதம்’ என்றால் நூற்றுக்கு இத்தனை என்றும் பொருள். ‘சேர்வீதம் 94’ என்று படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்? 94 இங்கே உண்மையிலேயே வரும் எண். எம்டியு (ஒரு சட்டகம் சுமக்கும் பொதியின் உச்ச அளவு) 1,500 பைட் உள்ள ஈதர்நெட்டில் ஒரு சட்டகம் கம்பியில் 1,538 பைட் இடத்தைப் பிடிக்கிறது. டிசிபி நேரமுத்திரை இயங்கினால் அதில் பயனர் தரவு 1,448 பைட். அதனால் 10 ஜிகாபிட் இணைப்பு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஐபெர்ஃப்3 என்னும் சோதனைக் கருவி காட்டும் உச்சம் 9.41 ஜிகாபிட். எம்டியு 9,000 ஆனால் 9.90.

அணைச் செய்திகளில் தினமும் புழங்கும் சொல் ஒன்று இருக்கிறது: நீர்வரத்து. வினாடிக்கு இத்தனை கனஅடி. கால்வாயின் அகலம் அல்ல, திறந்துவிட்ட அளவும் அல்ல, வந்து சேர்வது. ‘தரவு வரத்து வினாடிக்கு 9.41 ஜிகாபிட்’ என்றால் யாருக்கும் விளக்கவுரை வேண்டாம்.

ஒரு சந்தேகம் மட்டும். டிராஃபிக்குக்கு ‘போக்குவரத்து’ நிலைத்துவிட்டதே, இரண்டும் மோதாதா?

*

மோதவில்லை, பொருந்துகிறது. ஐபெர்ஃப்3 கடைசியில் இரண்டு வரி அச்சிடும்: அனுப்பியவர் கணக்கு, பெற்றவர் கணக்கு. முன்னது போக்கு, பின்னது வரத்து! அனுப்பும் முனை, இடைநினைவகத்தில் ஏற்றிய பைட்டையெல்லாம் போனதாக எண்ணிவிடும். 10 ஜிகாபிட் பாதையில் போய்வரும் நேரம் 200 மில்லிவினாடி என்றால் வழியில் மிதக்கும் தரவே 250 மெகாபைட். பத்து வினாடிச் சோதனையில் போக்கும் வரத்தும் கண்ணுக்குத் தெரியும்படி விலகும். சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பும் யுடிபியில் விலகல் இன்னும் கூடுதல். (யுடிபி சோதனையில் வேகத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐபெர்ஃப்3 வினாடிக்கு 1 மெகாபிட் மட்டுமே அனுப்பும். அதைப் பாதையின் வரத்து என்று பதிவேற்றுவது அடிக்கடி நடக்கும் தவறு.)

சொல்லைச் சோதிக்க, ஆவணப்படுத்தப்பட்ட ஒரு பழுதைப் பற்றி எழுதிப் பார்க்கலாம் (ஈஎஸ்நெட் அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வு வலையமைப்பு):

“ஈஎஸ்நெட்டின் 10 ஜிகாபிட் ரூட்டர் அட்டை ஒன்று 22,000 பொதிக்கு ஒன்றை விட்டது. முழு வேகத்தில் வினாடிக்கு 8,12,744 சட்டகங்கள் போகும்போது இழப்பு 37தான். சாதனம் எந்தப் பிழையையும் காட்டவில்லை. தொலைதூர ஓட்டங்களின் வரத்து மட்டும் சரிந்தது. கொள்திறன் அப்படியே இருந்தது.”

இடறாமல் படிக்க முடிகிறது. அந்தப் பழுதைக் காட்டிக்கொடுத்தது ஓவாம்ப் என்னும் ஒருவழி அளவீடு. வழக்கமான அமைப்பில் அது வினாடிக்கு 10 பொதி அனுப்பும், நிமிடத்துக்கு 600. 22,000க்கு ஒன்று என்றால் சராசரியாக 37 நிமிடத்துக்கு ஒரு பொதிதான் விழும். நிமிட வரைபடத்தில் பெரும்பாலும் சுழியே தெரியும்; ஒரு நாள் கூட்டுத்தொகையில்தான் பிடிபடும். இந்த அளவீட்டையும் வரத்துச் சோதனையையும் ஒரே வலை இடைமுகத்தில் ஓட்டக்கூடாது. வரத்துச் சோதனை வரிசையை நிரப்பி, இல்லாத தாமதத்தையும் இழப்பையும் உண்டாக்கிவிடும்.

ஆக, பதிவுக்கு: இணைப்பு தாங்கக்கூடிய உச்சம் ‘கொள்திறன்’. ஓர் ஓட்டத்தில் பெறுமுனைக்கு ஒரு வினாடியில் சேர்ந்த தரவு ‘வரத்து’. குட்புட்டுக்கு (goodput, பயன்பாட்டுக்கு உதவும் தரவு மட்டும்) ‘நிகர வரத்து’. வரத்தைத் தனி எண்ணாக எழுதவேண்டாம். போய்வரும் நேரம், எம்டியு, இணை ஓட்டங்களின் எண்ணிக்கை, தொடக்கத்தில் கணக்கில் சேர்க்காமல் தள்ளிய வினாடிகள் நான்கும் கூடவே வரட்டும். ‘வரத்து சுழி’ என்பதும் பொருளுள்ள வாக்கியமே. வழியில் ஓரிடத்தில் எம்டியு 9,000இலிருந்து 1,500க்கு இறங்கி, ‘பொதி பெரிது’ என்னும் ஐசிஎம்பி (வலையின் பிழையறிவிப்பு) செய்தியை ஒரு தீச்சுவர் தடுத்தால், பிங் போகும், டிசிபி இணைப்பும் திறக்கும், தரவு மட்டும் வராது.

மிச்சம் ஒன்று. 1991இல் வந்த ஆர்எஃப்சி 1242 (சாதன அளவீட்டுச் சொற்களை வரையறுக்கும் இணைய ஆவணம்) ஒரு சட்டகமும் விழாமல் சாதனம் கடத்தும் உச்சத்தையும் த்ரூபுட் என்றே அழைக்கிறது. அது சாதனத்தின் குணம், வரத்து ஆகாது. ‘இழப்பிலா உச்சம்’ என்று தனியே பதியலாம் என்பது என் கருத்து. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.