கார் கண்ணாடிக்கு வாஷர் அடிக்கவில்லை, காலை 6 மணிக்கு ஷிஃப்ட்: கால்கரியில் யாராவது சொல்லுங்களேன்

கால்கரி புதுசு:
வணக்கம். இங்கே வந்து மூன்று மாதம் ஆகிறது. இன்று மாலை டீர்ஃபுட் டிரெயில் நெடுஞ்சாலையில் முன்னால் போன லாரி வாரி இறைத்த சேறும் உப்பும் கண்ணாடி முழுக்க அப்பிக்கொண்டது. வாஷர் லீவரை இழுத்தால் ஒரு சொட்டு வரவில்லை. வைப்பர் போட்டதும் எல்லாம் இழுவி வெள்ளைத் திரை மாதிரி ஆகிவிட்டது. ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டித்தான் அடுத்த எக்ஸிட் வரை வந்தேன். பின்சீட்டில் மகள். இன்னும் கை நடுங்குகிறது. ஹீட்டட் வாஷர் இருக்கிறது என்று சொல்லித்தான் காரை விற்றார்கள். அந்த ஹீட்டரை எப்படிச் சரிசெய்வது?

ஸ்கார்பரோ அண்ணா:
தம்பி, பயப்படாதையுங்கோ. நான் 1992 தை மாதம் வந்து இறங்கினபோது ஒரு மெல்லிய ஸ்வெட்டர்தான். பக்டரிக்கு விடிய நாலு மணிக்கு நடந்து போய் பஸ் பிடிக்க வேணும், காது விறைச்சுப்போகும். இரண்டாம் வருசம்தான் ஒரு பழைய கார் எடுத்தேன். வின்டர் டயர் போட்டுவிட்டீர்களா? அதை முதலில் வடிவாகப் பாருங்கோ.

எட்மன்டன் வாசி:
அவர் டயரைப் பற்றிக் கேட்கவில்லையே அண்ணா. தம்பி, ஒரு கெட்டில் வெந்நீர் போட்டு வாஷர் டேங்கில் ஊற்றுங்கள், கொஞ்சம் கண்ணாடியிலும் ஊற்றுங்கள். முதல் வருடம் நான் அப்படித்தான் செய்தேன், உடனே இளகியது.

சாஸ்கட்டூன் அக்கா:
தயவுசெய்து வேண்டாம். என் கண்ணாடியில் கல் பட்ட சின்னப் புள்ளி ஒன்று இருந்தது. வெந்நீர் பட்ட நொடியில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கோடு ஓடிவிட்டது. டேங்கில் ஊற்றினாலும் அது ஒரு மணி நேரத்தில் ஆறி, இருக்கிற பனிக்கட்டியோடு சேர்ந்து உறைந்துவிடும்.

பிராம்ப்டன் குடும்பஸ்தர்:
புதிதாக வருகிறவர்கள் தலையில் கட்டுவதற்கென்றே வண்டி வைத்திருக்கிறார்கள். ஊரில் பதினைந்து வருடம் ஓட்டியதற்கு மதிப்பில்லை, இன்சூரன்ஸ்காரர் புதுப் பையனிடம் கேட்கிற பணத்தை நம்மிடம் கேட்கிறார். வாடகைக்குப் போனால் கிரெடிட் ஹிஸ்டரி, வேலைக்குப் போனால் கனடியன் எக்ஸ்பீரியன்ஸ்.

எட்மன்டன் வாசி:
உண்மை. ஊரில் பிளான்ட் மேனேஜராக இருந்த என் நண்பர் இரண்டு வருடம் கிடங்கில் பெட்டி தூக்கினார். அதை இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

கால்கரி புதுசு:
நாங்கள் பேஸ்மென்ட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரர் கராஜில் ராத்திரி காரை நிறுத்தச் சம்மதித்தார். கதவை மூடிவிட்டு இரண்டு மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டால் இளகாதா?

ரெட் டீர் மெக்கானிக்:
தம்பி, அதை மட்டும் செய்யாதீர்கள். மூடிய கராஜில் இன்ஜின் ஓடினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, மேலே வீட்டுக்குள்ளும் போகும், கீழே நீங்கள் தூங்கும் அறைக்கும் வரும். கதவைத் திறந்து வைத்தாலும் உள்ளே ஓடவிடாதீர்கள்.
இப்போது மூன்று விஷயம் சொல்லுங்கள். டேங்கில் என்ன ஊற்றினீர்கள்? லீவரை இழுக்கும்போது மோட்டார் சத்தம் கேட்கிறதா? கார் எந்த வருட மாடல்?

கால்கரி புதுசு:
2015 மாடல். அக்டோபரில் அளவு குறைவாக இருந்தது என்று குழாய்த் தண்ணீர் ஊற்றினேன், ஊரில் அப்படித்தானே. சத்தம் எதுவும் கேட்கவில்லை. வெளியே மைனஸ் 19.

ரெட் டீர் மெக்கானிக்:
சரி, அப்படியென்றால் ஹீட்டரைப் பிறகு பார்ப்போம். உங்கள் டேங்க் உறைந்திருக்கிறது. ஹீட்டட் வாஷர் என்று சொல்வது பெரும்பாலும் பானெட் மேலே திரவத்தைப் பீச்சும் நாசிலுக்குள் ஒரு சின்ன ஹீட்டர், அவ்வளவுதான். அது நாசில் வாயை மட்டும் சூடாக்கும். டேங்கையும் ஹோஸையும் அது தொடாது. திரவத்தையே சூடாக்கும் கருவி சில கார்களில் இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) 2006 முதல் 2009 வரையான மாடல்களில் வைத்ததைத் தீப்பிடிக்கும் அபாயம் காரணமாக 2010-இல் திரும்ப அழைத்துக் கழற்றினார்கள், சுமார் 15 லட்சம் வண்டிகள். உங்களுடையது அந்த வகை இல்லை.

முதலில் லீவரை இழுப்பதை நிறுத்துங்கள். பனிக்கட்டிக்குள் பம்ப் சுற்ற முடியாமல் திணறினால் ஃபியூஸ் போகும், இல்லையென்றால் மோட்டாரே கருகும். சத்தம் வரவில்லை என்பதால் ஃபியூஸ் ஏற்கெனவே போயிருக்கலாம். நாளை வேலைக்கு சி-டிரெயினில் (நகர ரயில்) போங்கள், அல்லது கூட வேலை செய்பவரிடம் லிஃப்ட் கேளுங்கள். இந்தக் கண்ணாடியோடு டீர்ஃபுட்டில் ஏறாதீர்கள்.

ஷிஃப்ட் முடிந்ததும் சூடேற்றிய அண்டர்கிரவுண்ட் பார்க்கேட் (வண்டி நிறுத்தும் கட்டிடம்) எதிலாவது நாலைந்து மணி நேரம் நிறுத்துங்கள். அங்கே போகும்வரை ஒரு ஸ்பிரே பாட்டிலில் வின்டர் வாஷர் திரவம் வைத்துக்கொண்டு உள்தெருக்களில் மெதுவாகப் போங்கள். இளகியதும் கீழே சொட்டுகிறதா பாருங்கள். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும், டேங்க் விரிசல் விட்டிருக்கலாம். சொட்டவில்லை என்றால் ஃபியூஸை மாற்றி, பழைய தண்ணீரை முழுக்க அடித்துத் தீர்த்துவிட்டு மைனஸ் 40 வரை உறையாத வாஷர் திரவத்தை ஊற்றுங்கள். கண்ணாடியில் புதுத் திரவத்தின் நிறம் தெரியும்வரை அடியுங்கள், அப்போதுதான் ஹோஸில் நிற்கும் தண்ணீரும் வெளியேறும்.

சாஸ்கட்டூன் அக்கா:
அந்தத் திரவத்தில் மெத்தனால் இருக்கிறது, விஷம். குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அடிப்பதற்கு முன் டிஃப்ராஸ்ட் போட்டுக் கண்ணாடியைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த கண்ணாடியில் வேகமாகப் போகும்போது அடித்தால் ஆல்கஹால் ஆவியாகி, மிச்சம் அப்படியே உறைந்துவிடும்.

ஸ்கார்பரோ அண்ணா:
வாஷர் டேங்கில் இன்ஜினுக்கு ஊற்றுகிற கூலன்டை ஊற்றிவிடாதையுங்கோ தம்பி. என்ர சிநேகிதர் ஒருவர் ஊற்றி, கண்ணாடி எண்ணெய் பூசினது மாதிரி ஆகிவிட்டது.

கால்கரி புதுசு:
ஐந்து மணி நேரம் பார்க்கேட்டில் நின்றது. டேங்க் தப்பித்துவிட்டது, ஃபியூஸ்தான் போயிருந்தது. இப்போது வலது பக்கம் நன்றாக அடிக்கிறது. இடது நாசில் வெளியே வந்து சிறிது நேரத்தில் அடைத்துக்கொள்கிறது.

ரெட் டீர் மெக்கானிக்:
அப்படியென்றால் அந்த நாசில் ஹீட்டர்தான். பானெட்டின் அடியில் இரண்டு ஒயர் போகும் பிளக் இருக்கும், கழற்றிப் பச்சை பிடித்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். குளிரில் இன்ஜினை ஓடவிட்டு மல்டிமீட்டரால் பாருங்கள். 12 வோல்ட் வந்தும் நாசில் சூடாகவில்லை என்றால் அதை மாற்றினால் போதும், கிளிப் போட்ட மாதிரி உட்காரும். வோல்ட் வரவில்லை என்றால் வலது பிளக்கையும் அளந்து இரண்டையும் எழுதுங்கள், பார்க்கலாம்.