இரு குழுக்களும் பிரிந்து நிற்பது நோயாலா, கிட்டாலா?

ஆய்வுமாணவி:
வணக்கம். எக்சிமா (அரிப்புள்ள தோல் அழற்சி) உள்ளவர்களின் முழங்கை மடிப்பில் ஸ்வாப் (பஞ்சுக்குச்சியால் துடைத்த மாதிரி) எடுத்து, அங்குள்ள நுண்ணுயிர்த்தொகுதியை நோயற்றவர்களுடையதோடு ஒப்பிட்டு வருகிறேன். நோயாளிகளின் 22 மாதிரிகளுக்கு ஜூனிலும், புதிய கிட் (டி.என்.ஏ. பிரித்தெடுக்கும் வேதிப்பொருள் தொகுப்பு) பெட்டி வந்த பிறகு நோயற்றோரின் 20 மாதிரிகளுக்குச் செப்டம்பரிலும் டி.என்.ஏ. பிரித்தெடுத்து, பாக்டீரியாக்களை அடையாளங்காண உதவும் 16எஸ் மரபணுவின் வி4 என்னும் பகுதியை ஒன்றாகவே வரிசைப்படுத்தினோம். மாதிரிகளின் ஒற்றுமை வேற்றுமையைக் காட்டும் வரைபடத்தில் இரு குழுக்களும் கத்தியால் வெட்டியதுபோல் பிரிந்து நிற்பதைக் கண்டு வழிகாட்டி மகிழ்ந்துவிட்டார். ஆனால் அப்பிரிவுக்குக் காரணம் எக்சிமாவில் எதிர்பார்க்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா அல்ல, ரால்ஸ்டோனியா, பிராடிரைசோபியம் என்னும் வேறு இரண்டு பாக்டீரியாக்கள். மாசைக் கண்டறிய உதவும் வெற்று மாதிரி (தோல் படாதது) ஒன்றுகூட வைக்கவில்லை.

நுண்ணோக்கி:
உங்கள் ஐயம் சரியானதே. அவ்விரண்டும் மண்ணிலும் நீரிலும் வாழ்பவை. கிட்களிலும் ஆய்வகத் தூய நீரிலும் அவற்றின் டி.என்.ஏ. அடிக்கடி அகப்படும். ஒரு கிராம் மலத்தில் பத்தாயிரம் கோடி அளவில் பாக்டீரியாக்கள் இருப்பதால் அங்கே இது பொருட்டாகாது. தோல் ஸ்வாபில் இருப்பதே சொற்பம் என்பதால், கிட்டிலிருந்து வருவது மேலோங்கிவிடும். 2014இல் பி.எம்.சி. பயாலஜி இதழில் வந்த ஆய்வில், சால்மொனெல்லா போங்கோரியின் தூய வளர்ப்பைப் பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்தபோது, நீர்க்க நீர்க்க மாசுகளின் பங்கு பெருகிக்கொண்டே போயிற்று. அதே கட்டுரையில் உங்கள் கதையும் இருக்கிறது: தாய்லாந்தின் மேலா அகதி முகாமில் குழந்தைகளின் மூக்குத்தொண்டையிலிருந்து எடுத்த மாதிரிகள் வயதுக்கேற்பப் பிரிவதாக முதலில் தோன்றியது, வெவ்வேறு கிட்களிலிருந்து வந்த மாசுகளை நீக்கியதும் அந்தப் பிரிவு மறைந்துவிட்டது.

தரவுக்காரர்:
வெற்று மாதிரி இல்லாவிடினும், டி.என்.ஏ. செறிவை அளந்திருந்தால், ஆர் மொழியிலுள்ள டீகன்டாம் தொகுப்பின் மூலம், செறிவு குறையக் குறையப் பங்கு கூடும் இனங்களைக் கண்டறிந்து நீக்கிப் பார்க்கலாமே?

பழைய ஆய்வகத்தான்:
பார்க்கலாம், ஆனால் அதை நம்பிக் கட்டுரை எழுத வேண்டாம். கிட் மாறிய இடமும் குழு மாறிய இடமும் ஒன்றே என்பதால், மிஞ்சும் வேறுபாடு எதனால் வந்தது என்று எந்தப் புள்ளியியலாலும் பிரித்துச் சொல்ல இயலாது. (நானும் ஒருமுறை மூன்று மாதம் இப்படி முயன்று தோற்றவன்.) ஸ்வாப்களின் எஞ்சிய கரைசல் இருந்தால் இரு குழுக்களின் மாதிரிகளையும் (ஒன்றோடொன்று ஊற்றாமல்) வரிசை மாற்றிக் கலந்து வைத்து, ஒரே கிட்டில் மீண்டும் பிரித்தெடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும், யார் தோலிலும் படாமல் காற்றில் மட்டும் காட்டிய ஸ்வாப் ஒன்றும், வெறும் கரைசல் ஒன்றும், உள்ளடக்கம் தெரிந்த செயற்கைப் பாக்டீரியாக் கலவை ஒன்றும் இருக்கட்டும். எப்படியும் மறுபடி செய்யப்போவதால், வி4ஐ விட்டு அதே மரபணுவின் வி1–வி3 பகுதிக்கு மாறுங்கள்; பரவலாகப் பயன்படும் வி4 ப்ரைமர்கள் (அப்பகுதியைப் பிடித்துப் பெருக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்) தோலின் முக்கியக் குடியான கியூட்டிபாக்டீரியம் என்னும் பாக்டீரியாவைக் குறைத்துக் காட்டுவதோடு, ஸ்டஃபைலோகாக்கஸ் இனங்களையும் சரிவரப் பிரிக்கா.

ஆய்வுமாணவி:
நன்றி ஐயா. உறைபெட்டியில் நோயாளிகளில் 17 பேரின் கரைசலும், நோயற்றோர் அனைவரின் கரைசலும் மீதமிருக்கின்றன. வழிகாட்டியிடம் வரைபடத்தைக் காட்டாமல், அந்த இரு பாக்டீரியாக்களின் பெயர்களை மட்டும் முதலில் காட்டப் போகிறேன்.