உளி படாத மரம் சிற்பமா?

கொட்டியாரக்குடா:
அமெரிக்கச் சிற்பி கார்ல் ஆண்ட்ரேயின் ‘ட்ராபம்’ என்ற படைப்பின் புகைப்படத்தை இங்கே ஒருவர் போட்டிருந்தார். ஓரடிச் சதுர வெட்டுமுகமும் மூன்றடி நீளமும் உள்ள மரக்கட்டைகள் ஒன்பது. மூன்று மூன்றாக மூன்று அடுக்கு, அவ்வளவுதான். நியூயோர்க் குகன்ஹைம் அருங்காட்சியகம் அதை வைத்திருக்கிறது. நம் கோயில் குதிரை வாகனத்தின் பிடரிமயிரைச் செதுக்க ஆசாரி எத்தனை நாள் குனிந்திருப்பார்! அதுவும் சிற்பம், இதுவும் சிற்பமா? மரம் விற்கும் மரக்காலையில் இதைவிட உயரமாக அடுக்கியிருக்கிறார்கள்.

நிலாவெளிக்காரி:
அண்ணை, மரக்காலையில் அடுக்குவது இடம் மிச்சம் பிடிக்க. இது நின்று பார்க்க. நடு அடுக்கு மற்ற இரண்டுக்கும் குறுக்கே கிடக்கிறது. அதனால் எந்தப் பக்கம் நின்றாலும் நீளவாட்டு ரேகையும் வெட்டுமுகத்து வளையங்களும் மாறி மாறித் தெரியும். ஆணி இல்லை, பசை இல்லை, பாரம்தான் பிடித்து வைத்திருக்கிறது. 1960 முதல் நான்கு வருடம் சரக்கு ரயிலில் வேலை செய்தவர் ஆண்ட்ரே. அந்தப் பழக்கம் இந்த அடுக்கில் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். செதுக்கியிருந்தால் குதிரையைப் பார்த்திருப்போம், மரத்தைப் பார்த்திருக்க மாட்டோம்.

ஓடாவிமகன்:
தங்கச்சி, மரத்தை வேலை செய்துதான் மதிக்க வேண்டும். நம் சவண்டலைக்கு ஆங்கிலேயர் வைத்த பெயரே ‘திருகோணமலை மரம்’. அது சென்னைக்குப் போய் மசூலாப் படகானது. அதிலும் ஆணி கிடையாது. பலகையைக் கயிற்றால் தைப்பார்கள், அலை அடித்தால் வளைந்து கொடுக்கும். எந்தப் பலகை வளையும், எது பிளக்கும் என்று தெரிந்தவன் செய்த வேலை அது. அடுக்குவதற்கு அந்த அறிவு எதற்கு?

நிலாவெளிக்காரி:
ஓரடிக் கனமான கட்டை காயும்போது வெடிப்பு ஓடும். ஓடாவி (தச்சர்) அதை அடைப்பார், இல்லையென்றால் கட்டையையே கழிப்பார். ட்ராபத்தில் அந்த வெடிப்புக்கும் இடம் இருக்கிறது.

கொட்டியாரக்குடா:
செதுக்காததால் இதை ‘மாற்றாத மரம்’ என்கிறார்கள். எந்த மரம் சதுரமாக வளர்கிறது? வாளால் அறுத்தவன் ஒருவன் இருக்கிறான். ஆண்ட்ரேயின் பெயர் சுவரில், அறுத்தவன் பெயர் எங்கே? என் கோபம் அதுதான்.

நிலாவெளிக்காரி:
சரி, நியாயமான கேள்வி. ஆனால் வாகனம் செய்த ஆசாரியின் பெயரை எத்தனை கோயிலில் எழுதி வைத்திருக்கிறோம்?

ஓடாவிமகன்:
இரண்டையும் எழுதத்தான் வேண்டும். பாலை மரத்தில் ஒரு சதுரக் கட்டை அறுத்துப் பாருங்கள், வாளே மழுங்கிவிடும். அப்படியொரு அடுக்கை அறுத்தவர் பெயரைப் போட்டுக் கடற்கரையில் வைப்பதென்றால் தூக்க நானும் வருவேன். சிற்பம் என்று மட்டும் சொல்லமாட்டேன்.